புகைப்படம் கொடுக்காத மாணவர்கள்

இங்கிலாந்தில் ஒரு மருத்துவப் பள்ளியின் ஆசிரியர்கள் தங்கள் மாணவர்களிடம் புகைப்படம் ஒன்று கேட்டார்கள். பெரும்பாலானோர் கொடுத்தார்கள், சிலர் கொடுக்கவில்லை. பிறகு இறுதித் தேர்வு முடிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, புகைப்படம் கொடுக்காதவர்களிடையே தோல்வி கூடுதலாக இருந்தது. 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இந்தச் சிறு ஆய்வு வெளியானது. மூன்று ஆண்டுகள் கழித்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து அதே சாயலில் இன்னொரு ஆய்வு வந்தது. தடுப்பூசி விவரத்தைக் கேட்டபோது தராதவர்களும், பாடம் முடிந்ததும் நிரப்பித் தர வேண்டிய கருத்துப் படிவத்தை நிரப்பாதவர்களும்தான் பின்னாளில் விசாரணைக் குழுவின் முன் அதிகம் நிற்க நேர்ந்தது. சேர்க்கையின்போது அவ்வளவு கவனமாகத் திரட்டிய விவரங்கள் சொல்லாததை இந்தப் படிவங்கள் சொல்லிவிட்டன.

புகைப்படத்துக்கும் மருத்துவ அறிவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் ஒருவருக்குப் படிப்பு கைமீறத் தொடங்கும்போது முதலில் விட்டுப்போவது மதிப்பெண் இல்லாத வேலைகள்தான். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, ராத்திரி தூக்கம் இல்லை, மூன்று வாரப் பாடம் பாக்கி; இந்த நிலையில் யார் ஸ்டுடியோவுக்குப் போய் போட்டோ எடுப்பார்கள்? ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்காமல் விடுவது, முதல் பீரியடுக்கு வராமல் இருப்பது, வைவா நாளன்று வயிற்றுவலி என்று சொல்வது எல்லாம் மதிப்பெண் சரிவதற்குப் பல மாதங்கள் முன்பே தெரிந்துவிடும் அடையாளங்கள். துறை உதவியாளருக்கு அவை தெரியும். ஹாஸ்டல் வார்டனுக்குத் தெரியும். பக்கத்து அறை நண்பனுக்கு நிச்சயம் தெரியும். பேராசிரியருக்குத்தான் கடைசியில் தெரிய வருகிறது.

இந்தியாவில் பெரும்பாலும் பல்கலைக்கழகத் தேர்வு முடிவு வரும் நாளில்தான் கல்லூரி விழித்துக்கொள்கிறது. 2019-இல் நடைமுறைக்கு வந்த திறன்சார் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம், முதலாண்டுப் பாடம் ஒவ்வொன்றிலும் குறைந்தது மூன்று உள்மதிப்பீட்டுத் தேர்வுகளை வைக்கச் சொல்கிறது. எழுத்தும் செய்முறையும் சேர்த்து 50 சதவீதம் எடுத்தால்தான் பல்கலைக்கழகத் தேர்வு எழுத முடியும். முதல் தொழில்முறைத் தேர்வில் தேற நான்கு வாய்ப்புகள்; அதையும் நான்கு ஆண்டுகளுக்குள் முடித்தாக வேண்டும். ஆக, அளவுகோல்களுக்குப் பஞ்சமில்லை. முதல் இன்டர்னலில் 32 எடுத்த மாணவியின் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் வட்டம் போடுகிறார்கள், பெற்றோருக்குக் கடிதம் அனுப்புகிறார்கள். அவள் ஏன் 32 எடுத்தாள் என்று யாரும் கேட்பதில்லை. இந்த அத்தியாயம் அந்த ஒரு கேள்வியைப் பற்றியது.

உதவி தேவைப்படுகிறவர் தாமாக வந்து கேட்கட்டும் என்ற வாதம் ஒன்று உண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது நடப்பதில்லை என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது. 2006-இல் டேவ் டேவிஸும் அவருடைய சகாக்களும், மருத்துவர்கள் தம்மைத் தாமே எவ்வளவு சரியாக எடைபோடுகிறார்கள் என்று பார்த்த ஆய்வுகளை எல்லாம் தொகுத்து அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்டார்கள். சுயமதிப்பீட்டை வெளி அளவுகோலோடு வைத்துப் பார்த்த 20 ஒப்பீடுகளில் 13-இல் இரண்டுக்கும் தொடர்பே இல்லை, அல்லது மிகக் குறைவு, அல்லது தலைகீழ். திறமை மிகக் குறைவாக இருந்தவர்களும் தன்னம்பிக்கை மிக அதிகமாக இருந்தவர்களும்தான் மிகவும் தவறாகக் கணித்தார்கள். படித்து முடித்து நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர்களின் நிலையே இது. பதினெட்டு வயதில் ஹாஸ்டலுக்கு வந்து சேர்ந்த பிள்ளையிடம் என்ன எதிர்பார்ப்பது? அதிலும் மருத்துவக் கல்லூரிக்குள் வருகிற ஏறக்குறைய எல்லோரும் பள்ளியில் முதல் வரிசை. தோற்றுப் பழக்கமில்லாதவர்களுக்கு உதவி கேட்டும் பழக்கமில்லை.

மனச்சோர்வும் இதில் சேர்ந்துகொள்கிறது. 2016-இல் லிசா ரோட்டன்ஸ்டீன் குழு 43 நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மருத்துவ மாணவர்களில் 27.2 சதவீதம் பேரிடம் மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருந்தன. அப்படித் தெரியவந்தவர்களில் சிகிச்சையை நாடியவர்கள் 15.7 சதவீதம் மட்டும். நோயைப் பற்றிப் படிக்கிற இடத்திலேயே நோயைச் சொல்ல வெட்கப்படுகிறார்கள் என்பது என்னை வருத்துகிற விஷயம். மதிப்பெண் சரிந்த ஒவ்வொரு மாணவரிடமும் தூக்கத்தைப் பற்றியும் பசியைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்காமல் பாடத்தைப் பற்றிப் பேச்செடுக்கக் கூடாது.

ஆசிரியர்கள் பக்கத்திலும் ஒரு தடை இருக்கிறது. கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் நான்சி டுடெக்கும் அவருடைய சகாக்களும் வார்டில் பயிற்சி பெறுகிறவர்களை மேற்பார்வையிடும் மருத்துவர்களை உட்காரவைத்துப் பேசினார்கள். பயிற்சி பெறுகிறவர் தேறவில்லை என்று மனத்துக்குத் தெரிந்தும் ஏன் தாளில் ‘திருப்திகரம்’ என்று எழுதுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. 2005-இல் வந்த அந்தக் கட்டுரை நான்கு காரணங்களைச் சொன்னது. ஆண்டு முழுக்கப் பார்த்ததைக் குறித்து வைக்கவில்லை. எதைக் குறிக்க வேண்டும் என்று தெரியவில்லை. மேல்முறையீடு வந்தால் யார் பதில் சொல்வது என்ற அச்சம். தேறவில்லை என்று எழுதினாலும் அவருக்குக் கொடுக்க உதவி எதுவும் கைவசம் இல்லை. நான்காவது காரணம் மற்ற மூன்றையும்விட முக்கியமானது என்று நினைக்கிறேன். கொடுக்க மருந்து இருந்தால் நோயின் பெயரைச் சொல்ல மருத்துவர் தயங்குவதில்லை.

முன்கூட்டியே கண்டுபிடிப்பது என்பது நோய்த் தடுப்பில் செய்கிற ஸ்கிரீனிங் போன்றதுதான். அந்தத் துறையில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கற்ற பாடங்கள் இங்கே அப்படியே பொருந்துகின்றன. 1968-இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சனும் யங்னரும் ஸ்கிரீனிங்குக்கான பத்து விதிகளை எழுதினார்கள். ஏற்கத்தக்க சிகிச்சை இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. சோதனை மக்கள் ஏற்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. கல்லூரிகள் இவற்றை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

அதற்கு முன் கொஞ்சம் கணக்கு. 250 மாணவர்கள் உள்ள ஒரு பேட்சை எடுத்துக்கொள்வோம். அவர்களில் பத்தில் ஒருவர், அதாவது 25 பேர், நிஜமாகவே தடுமாறப் போகிறார்கள் என்று வைப்போம். நம்மிடம் இருக்கும் அடையாளங்கள் நல்ல அடையாளங்கள்: தடுமாறப் போகிறவர்களில் 80 சதவீதத்தைப் பிடித்துவிடும், தடுமாறாதவர்களில் 80 சதவீதத்தைச் சரியாக விட்டுவிடும். இவ்வளவு துல்லியம் கிடைத்தாலே பெரிய விஷயம். இப்போது என்ன ஆகிறது? 25 பேரில் 20 பேர் பட்டியலில் வருகிறார்கள். 5 பேர் தப்பிவிடுகிறார்கள். மீதி 225 பேரில் 20 சதவீதம், 45 பேர், தேவையில்லாமல் பட்டியலில் ஏறுகிறார்கள். பட்டியலில் மொத்தம் 65 பெயர்கள். அவற்றில் மூன்றில் இரண்டுக்கு மேல் தவறான பெயர்கள்.

இந்த 65 பேரையும் ‘ஸ்லோ லேர்னர்’ என்று அழைத்து, ஞாயிற்றுக்கிழமை தனி வகுப்பில் உட்கார வைத்தால் 45 பேருக்கு அநியாயம் செய்கிறோம். எவரையும் ‘ஸ்லோ லேர்னர்’ என்று அழைக்கவே கூடாது என்பது என் கருத்து. அந்தச் சொல் கற்றலின் வேகத்தைப் பற்றிச் சொல்வதுபோல் தொடங்கி, மனிதரைப் பற்றிய தீர்ப்பாக முடிகிறது. பட்டியலில் இருக்கும் எல்லோரையும் தனியாக ஒருமுறை கூப்பிட்டு “எப்படிப் போகிறது?” என்று இருபது நிமிடம் பேசினால், யாருக்கும் நஷ்டமில்லை. அடையாளம் எவ்வளவு வலுவற்றதோ, அதை வைத்து எடுக்கும் நடவடிக்கை அவ்வளவு மென்மையாக இருக்க வேண்டும்.

மருத்துவக் கல்வியில் மிக அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வுகளில் ஒன்றை இதே கணக்கோடு படிக்க வேண்டும். சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மேக்சின் பாப்பதாக்கிஸும் அவருடைய சகாக்களும் 2005-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியிட்டது அது. மூன்று மருத்துவப் பள்ளிகளில் படித்து, பின்னாளில் மாநில மருத்துவ வாரியங்களால் தண்டிக்கப்பட்ட 235 மருத்துவர்களின் பழைய மாணவக் கோப்புகளை எடுத்தார்கள். தண்டனை எதுவும் பெறாத 469 பேரின் கோப்புகளையும் பக்கத்தில் வைத்தார்கள். மாணவப் பருவத்திலேயே தொழில்நெறி பிறழ்ந்த நடத்தை பதிவாகியிருந்தவர்களுக்குத் தண்டனை பெறும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு. மிக வலுவாகத் தொடர்புற்றவை இரண்டு: கடுமையான பொறுப்பின்மை, சுட்டிக்காட்டியதை ஏற்றுத் திருத்திக்கொள்ள முடியாமை. மதிப்பெண் குறைவுக்கும் தொடர்பு இருந்தது, ஆனால் இவற்றின் அளவுக்கு இல்லை.

இந்த முடிவைப் படித்துவிட்டு, கோப்பில் கறுப்புப் புள்ளி உள்ள மாணவர்களை அப்போதே வெளியேற்றுவோம் என்று கிளம்புகிறவர்கள் உண்டு. அவர்கள் கவனிக்கத் தவறுவது, தண்டனை பெறாதவர்களின் கோப்புகளை. அவற்றிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் அதே மாதிரிக் குறிப்பு இருந்தது. அந்தக் கோப்புகளுக்கு உரியவர்கள் ஒழுங்காக மருத்துவம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கெட்டுப்போனவர்களிடமிருந்து பின்னோக்கிப் பார்த்தால் தடயம் பளிச்சென்று தெரியும். மாணவரிடமிருந்து முன்னோக்கிப் பார்த்தால் அதே தடயம் பலரிடம் இருக்கும். அவர்களில் மிகப் பெரும்பாலோர் நன்றாகவே வருவார்கள். வாரியத்தின் தண்டனை என்பது அவ்வளவு அரிது. அந்த ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதைத்தான்: திருத்தம் சொன்னால் ஒரு மாணவர் என்ன செய்கிறார் என்பதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். அதைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் யாராவது திருத்தம் சொல்லியிருக்க வேண்டும்.

ஒரே தேர்வின் மதிப்பெண்ணைவிட அது போகும் திசை அதிகம் சொல்லும். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகம் 1970-களிலேயே இதைப் புரிந்துகொண்டு ‘முன்னேற்றத் தேர்வு’ என்ற ஒன்றைத் தொடங்கியது. முதலாண்டு மாணவருக்கும் ஆறாமாண்டு மாணவருக்கும் ஒரே நாளில் ஒரே வினாத்தாள். படிப்பை முடிக்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய எல்லாவற்றிலிருந்தும் கேள்விகள் வரும்; ஆண்டுக்கு நான்கு முறை நடக்கும். முதலாண்டு மாணவருக்கு மிகச் சில கேள்விகளுக்கே விடை தெரியும், அதில் தவறில்லை. ‘தெரியாது’ என்று குறிக்கவும் இடமிருந்தது. ஊகித்துத் தவறாக எழுதினால் மதிப்பெண் குறைந்தது. முந்தின வாரம் உட்கார்ந்து உருப்போட்டு இந்தத் தேர்வை ஏமாற்ற முடியாது. மூன்று நான்கு தேர்வுகளில் புள்ளிகளை இணைத்தால் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கோடு கிடைக்கும். கீழே தொடங்கினாலும் கோடு ஏறிக்கொண்டிருந்தால் கவலையில்லை. நடுவில் தொடங்கி அங்கேயே படுத்துவிட்ட கோடுதான் அபாயம். வழக்கமான தேர்வு முறையில் அந்த மாணவர் ‘பாஸ்’ என்ற ஒரு சொல்லுக்குள் மறைந்துவிடுவார்.

இனி வார்டுக்குப் போவோம். மருத்துவப் பிரிவில் காலை ரவுண்ட்ஸ். ஐம்பது வயது தாண்டிய ஒரு அம்மா படுக்கையில் உட்கார்ந்திருக்கிறார். மூன்றாமாண்டு மாணவி கேஸ் பிரசென்ட் செய்கிறாள். “சார், பேஷன்ட்டுக்கு ரெண்டு மாசமா மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது. ராத்திரி ரெண்டு தலகாணி வெச்சாத்தான் படுக்க முடியுது. நடுராத்திரி மூச்சு முட்டி எழுந்து உக்காந்துக்கிறாங்க. சாயங்காலமானா கால் வீங்குது. பசி கம்மி. ரெண்டு பசங்க. மூத்தவர் திருப்பூர்ல இருக்கார்…” எல்லாம் சரியாகக் கேட்டிருக்கிறாள். நோயாளி அவளிடம் மனம்விட்டுப் பேசியிருக்கிறார். பேராசிரியர் கேட்கிறார்: “சரிம்மா, என்னன்னு நினைக்கிறே?” மௌனம். தலை குனிந்துவிடுகிறது. “போய்ப் படிச்சிட்டு வா” என்று அடுத்த படுக்கைக்கு நகர்ந்துவிடுவதுதான் வழக்கம்.

அந்த மௌனத்துக்குக் குறைந்தது மூன்று காரணங்கள் இருக்கலாம். அடுத்த இரண்டு நிமிடத்தில் அவற்றைப் பிரித்தறிய முடியும். “ஹார்ட் ஃபெயிலியர்ல என்னென்ன அறிகுறி வரும்?” என்று நேராகக் கேட்க வேண்டும். அதற்கும் பதில் இல்லையென்றால் பாட அறிவில் ஓட்டை. கடகடவென்று ஒப்பித்தால், அறிவு இருக்கிறது. ஆனால் புத்தகத்திலிருந்து நோயாளிக்கு வரும் வழி இன்னும் திறக்கவில்லை. ‘ரெண்டு தலகாணி’ என்பதும் ‘ஆர்த்தாப்னியா’ என்பதும் ஒன்றுதான் என்று அவள் மனத்தில் ஒட்டவில்லை. நோயறியும் சிந்தனையை நெடுங்காலம் ஆராய்ந்த ஜார்ஜ் போர்டாஜ் இதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார்: நன்றாக நோயறிகிறவர்கள் நோயாளியின் பேச்சைத் திடீரென்று வந்ததா மெல்ல வந்ததா, உழைப்பின்போதா ஓய்விலா, ஒரு பக்கமா இரு பக்கமுமா என்ற எதிரிணைகளாக மாற்றிக்கொள்கிறார்கள். தடுமாறுகிறவர்கள் சொன்னதைச் சொன்னபடியே திரும்பச் சொல்கிறார்கள். மூன்றாவது சாத்தியம்: ரவுண்ட்ஸ் முடிந்தபின் தாழ்வாரத்தில் தனியாகக் கேட்டால் சரியான விடையைச் சொல்கிறாள். அப்போது பிரச்சினை பயம், அல்லது பத்துப் பேர் முன்னால் ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்பது.

மூன்றுக்கும் ஒரே மருந்து, ‘போய்ப் படி’, என்றால் முதல் மாணவிக்கு மட்டும் ஓரளவு பலிக்கும். இரண்டாமவளுக்கு இன்னும் நூறு பக்கம் படிப்பதால் பயனில்லை. ஆசிரியர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு நோயாளியின் கதையையும் ஒரே வாக்கியமாகச் சுருக்கச் சொல்லி, ஏன் இது, ஏன் அது இல்லை என்று உரக்க யோசிக்கச் சொல்ல வேண்டும். 1992-இல் அமெரிக்கக் குடும்ப மருத்துவர்கள் சிலர் வடிவமைத்த ‘ஒரு நிமிட ஆசிரியர்’ முறை தொடங்குவதே இந்த இரண்டு கேள்விகளில்தான்: என்னவென்று நினைக்கிறாய், எதை வைத்து அப்படி நினைக்கிறாய். மூன்றாமவளைப் படிக்கச் சொல்வது, ஏற்கெனவே படித்தவளைத் தண்டிப்பதாக முடியும்.

தமிழ்நாட்டில் மொழி ஒரு தனிக் காரணமாகக் கவனிக்கப்பட வேண்டியது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் சட்டமானது. அப்படி வந்தவர்களில் பலர் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்தவர்கள். வினாத்தாளில் ‘பின்வருவனவற்றுள் ஒன்றைத் தவிர மற்றவை சரி’ என்பது ஆங்கிலத்தில் வரும்போது, அந்தத் ‘தவிர’ கண்ணில் படாமல் போனால் சிறுநீரகம் பற்றி எவ்வளவு தெரிந்திருந்தும் விடை தவறுதான். இதைச் சோதிப்பது எளிது. தவறவிட்ட பத்துக் கேள்விகளை ஆசிரியர் தமிழில் வாய்மொழியாகக் கேட்கட்டும். ஏழெட்டுக்குச் சரியான பதில் வந்தால் உடலியங்கியலில் குறையில்லை. வாசிப்பில்தான் உதவி வேண்டும், அது சில மாதங்களில் சரியாகும். இதே மாணவர்கள்தான் வார்டில் கிராமத்து நோயாளியிடம் பிறரைவிட நன்றாகக் கதை கேட்பதும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1860-களில் மருத்துவத்தையே தமிழில் கற்பித்து, அதற்கான பாடநூல்களையும் தமிழில் ஆக்கினார். தமிழில் மருத்துவம் யோசிக்க முடியும் என்பது நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே நிரூபணமானது. புதிய பாடத்திட்டத்தின் தொடக்கத்தில் வரும் பவுண்டேஷன் கோர்ஸில் மொழிப் பயிற்சிக்கும் இடம் உண்டு. அந்த நாட்களை வரவேற்பு விழாக்களில் கரைத்துவிடக் கூடாது.

படிக்கும் முறையே தவறாக இருப்பவர்களும் நிறைய. செயின்ட் லூயிஸின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகரும் கார்ப்பிக்கியும் செய்து 2006-இல் வெளியிட்ட சோதனை இதற்கு நல்ல விளக்கம். ஒரு குழு ஒரு பகுதியை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒருமுறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னால், 83-க்கு 71 சதவீதம். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: படித்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. முதலாண்டில் தோற்கும் மாணவரின் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் மூன்று வண்ணத்தில் கோடிட்டிருக்கும். உழைப்பில் குறையே இல்லை. அவருக்கு “இன்னும் உழை” என்று சொல்வது கொடுமை. புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத்தாளில் புயநரம்புப் பின்னலை வரைந்து காட்டச் சொன்னால் போதும், எங்கே நிற்கிறது என்று அவருக்கே தெரிந்துவிடும்.

ஒரு துறையில் தடுமாறியவர் அடுத்த துறைக்குப் போகும்போது அந்தத் தகவலையும் அனுப்ப வேண்டுமா? இது கடினமான கேள்வி. 1968-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ரோசன்தாலும் ஜேக்கப்சனும், கலிஃபோர்னியாவின் ஒரு தொடக்கப் பள்ளியில் ஐந்தில் ஒரு பங்குக் குழந்தைகளை எந்தக் காரணமும் இல்லாமல் தேர்ந்தெடுத்து, இவர்கள் சீக்கிரம் மலரப்போகிறவர்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். கீழ் வகுப்புகளில் அந்தக் குழந்தைகளின் சோதனை மதிப்பெண் கூடியது. விளைவின் அளவைப் பற்றி இன்றும் விவாதம் நடக்கிறது. ஆனால் முன்கூட்டிச் சொன்ன சொல் ஆசிரியரின் கண்ணை மாற்றும் என்பதை மறுப்பவர் குறைவு. எனவே மதிப்பிடுகிறவரும் உதவுகிறவரும் வேறு வேறு ஆட்களாக இருப்பது நல்லது என்பேன். கோப்பு உதவுகிறவரிடம் மட்டும் இருக்கட்டும். அதில் ‘பலவீனமான மாணவர்’ என்று எழுதாமல் ‘நோயாளியின் கதையைச் சுருக்கிச் சொல்வதில் பயிற்சி தேவை, ஜூலையில் தொடங்கியது, செப்டம்பரில் பார்க்க வேண்டும்’ என்று எழுதட்டும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று எந்தப் பேராசிரியரும் கேட்பார். கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஜெனட் குவெராசியோ பயிற்சி பெறுகிற 151 பேரோடு செய்த பணியின் கணக்கை 2014-இல் வெளியிட்டார். ஆசிரியர் நேருக்கு நேர் உட்கார்ந்து செலவிட்ட ஒவ்வொரு மணி நேரத்துக்கும், பயிற்சி பெறுகிறவர் கண்காணிப்பு நடவடிக்கைக்கு உள்ளாகும் வாய்ப்பு சுமார் 3 சதவீதம் குறைந்தது. நம் 250 பேர் பேட்சுக்கே திரும்பிக் கணக்கிடுவோம். பட்டியலில் உள்ள 65 பேருடன் தலா இருபது நிமிடம் பேச 22 மணி நேரம் போதும். அதில் தெரியவரும் 20 பேருக்கு ஆண்டில் தலா 20 மணி நேரம் என்றால் 400 மணி நேரம். அந்த அளவு கல்லூரியில் ஆசிரியர்கள் நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். ஆளுக்கு ஆண்டில் ஏறக்குறைய நான்கு மணி நேரம் வருகிறது. அதைத் தியரி வகுப்பைப் போலவே, ஆசிரியர் பெயரும் அறை எண்ணும் போட்டு, கால அட்டவணையில் அச்சிட வேண்டும். முதல் இன்டர்னலுக்கு முந்தின வாரத்திலேயே தொடங்கிவிட வேண்டும்.